எலும்புக்கு முகம் கிடைத்தது, பெயர் கிடைக்குமா?

2025 ஜூனில் இரண்டு முகங்கள் வெளியாகின. "எங்கட தாத்தா மாதிரியே இருக்கிறார்" என்று நம்மில் பலர் அவற்றை வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருப்போம். கீழடிக்கு அருகே கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த, சுமார் 2,500 ஆண்டுகள் பழமையான மண்டையோடுகள் அவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கொடுத்த சி.டி. ஸ்கேன் தரவுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வகம் முகம் அமைத்தது.

இதில் மாயமில்லை. பாணைத் துண்டு துண்டாக வெட்டுவது போல, சி.டி. ஸ்கேன் எலும்பை மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0, கெட்டியான எலும்புக்குப் பல நூறு. எலும்புக்குரிய எண்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களால் போர்த்தினால் முப்பரிமாண எலும்பு கணினித் திரையில் நிற்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் லோரன்சனும் கிளைனும் 1987இல் வெளியிட்ட முறை இது. சிக்கலாக முறிந்த எலும்பைப் பொருத்த முன்னர் மருத்துவர்கள் பலவேளை பார்ப்பதும் இப்படியான படத்தைத்தான்.

இனி செம்மணிக்கு வருவம். அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக 1998இல் ஒரு இராணுவச் சிப்பாயே நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் 15 உடல்கள் மட்டும் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கூடவே ஒரு பள்ளிக்கூடப் பையும் பொம்மையும்.

2,500 ஆண்டு மண்டையோட்டுக்கு முகம் கொடுக்க முடியுமென்றால், 30 ஆண்டு மண்டையோட்டுக்கு ஏன் முடியாது? முடியும். ஆனால் அந்த முகம் அடையாளத்துக்கு ஒரு துப்பு மட்டுமே, அத்தாட்சி ஆகாது. பெயரை உறுதிப்படுத்த மரபணு வேண்டும், அதை ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். அந்த உறவினர்களில் எத்தனையோ பேர் இண்டைக்கு ஊரில் இல்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலோ இல்-பிசாரிலோ இருக்கலாம்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு எலும்பும் ஸ்கேன் செய்யப்பட்டு, அந்தப் பிரதி சுயாதீன நிபுணர்களிடமும் இருக்க வேண்டும். எலும்பு சிதைந்தாலும் பிரதி சிதையாது. இரண்டு, புலம்பெயர்ந்த குடும்பங்கள் தாங்கள் வாழும் நாட்டிலேயே, சர்வதேசக் கண்காணிப்பில், மரபணு மாதிரி கொடுக்க வழி வேண்டும்.

அதுவரைக்கும் அலுமாரியில் கிடக்கிற பழைய படங்களை, குறிப்பாகப் பல் தெரியச் சிரிக்கிற படங்களை, எறிந்துவிடாதேங்கோ. அம்மா அப்பா இருக்கும்போதே யார், எப்போது, எங்கே காணாமல் போனார் என்று கேட்டு எழுதி வையுங்கோ. அவர்களும் போனபிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஆளிருக்காது.