ஆலை மூடிய ஊரிலிருந்து எழுந்த பாட்டு

ஆலைக்குப் பூட்டு விழுந்த ஊர் எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சங்கு ஊதாத காலை, கடன் கொடுக்க மறுக்கும் கடைக்காரர், வேலை தேடி வெளியூர் போகும் பிள்ளைகள். நியூஜிலாந்து நாட்டின் வடக்குத் தீவில், மேற்குக் கடற்கரையோரம் டாரனாக்கி வட்டாரத்தில், பாட்டேயா என்று ஒரு சிற்றூர். 1982-ம் ஆண்டு அந்த ஊருக்கு நேர்ந்தது இதுதான். ஆடு மாடுகளை அறுத்து, இறைச்சியை உறையவைத்துக் கப்பலேற்றும் தொழிற்சாலைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1973-ல் இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிறகு, நியூஜிலாந்து இறைச்சிக்கு அங்கே இருந்த நிச்சயமான சந்தை சுருங்கியது. லாபக் கணக்குப் பார்த்தார்கள், கதவை மூடினார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் அந்த மண்ணின் ஆதிக்குடிகளான மாவோரி மக்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், அதே ஊரிலிருந்து ஒரு பாட்டு புறப்பட்டது. அந்த வருஷம் நியூஜிலாந்தில் அமெரிக்கத் தட்டும் சரி, ஆங்கிலத் தட்டும் சரி, எதுவும் அதைப்போல் விற்கவில்லை. நான்கு வாரம் அது முதலிடத்தில் நின்றது. பாட்டின் பெயர் ‘போய் ஏ’. நம்முடைய ‘போய், வந்து’ அல்ல இது. ‘போய்’ என்றால் மாவோரிப் பெண்கள் கயிற்றில் கட்டிச் சுழற்றியபடி பாடி ஆடும் பந்து. பாடியவர்கள் பாட்டேயா மாவோரிக் குழுவினர். பாட்டு முழுவதும் மாவோரி மொழி.

இந்தப் பாட்டு பிறந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். சொற்களை எழுதியவர் ஙோய் பேஃபைராங்கி என்ற அம்மையார். பள்ளிக்கூடத்துப் புத்தகம் இல்லாமல், வண்ணக் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சாலேயே மாவோரி மொழியைப் பெரியவர்களுக்கும் கற்றுத்தரும் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மெட்டும் இசையும் அமைத்தவர் டல்வேனியஸ் பிரைம். டாரனாக்கிக்காரர், ஆஸ்திரேலியாவில் அமெரிக்கக் கறுப்பர் இசையைப் பாடிப் பிழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். நம் பிள்ளைகள் தம் மொழியிலும் பிறப்பிலும் பெருமை கொள்ள என்ன வழி என்பது அந்த அம்மையாரின் கவலை. பிள்ளைகளுக்கு எந்த இசை பழக்கமோ அந்த இசையிலேயே கொடுக்க வேண்டும் என்பது இவருடைய பதில். அப்படியே செய்தார்கள். பாட்டியின் பந்தாட்டமும் பேரனின் மின்சாரத் தாள எந்திரமும் ஒரே தட்டில் ஏறின. இசைத்தட்டுக் கம்பெனிகள் கையை விரித்தன. மாவோரி மொழிப் பாட்டை யார் வாங்குவார்கள் என்றன. டல்வேனியஸ் தாமே ஒரு சிறு கம்பெனி வைத்துத் தட்டை வெளியிட்டார். யார் வாங்கினார்கள் என்பதைத்தான் மேலே சொன்னோம்.

இனி நம் விவாதத்துக்கு வருவோம். பழைய பாட்டில் புதிய தாளத்தைச் சேர்த்தால் பழமை கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களில் சிலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அவர்களை நாம் கேட்பது ஒன்றே ஒன்று: மாவோரிப் பாட்டைக் கெடுத்தது யார்? தாள எந்திரமா?

சரித்திரத்தைப் புரட்டுங்கள். 1840-ல் வைட்டாங்கி என்ற இடத்தில் வெள்ளைச் சர்க்கார் மாவோரித் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்தது. மாவோரிப் பிரதி ஒன்று சொல்லிற்று, ஆங்கிலப் பிரதி வேறொன்று சொல்லிற்று. 1863-ல் ஒரு சட்டம் வந்தது. எதிர்த்து நின்றவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த சட்டம் அது. டாரனாக்கி வட்டாரத்தின் நிலம் அப்படித்தான் போயிற்று. 1879-ல் பாரிஹாக்கா என்ற கிராமத்து மாவோரி உழவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஏரைப் பூட்டிக்கொண்டு போய், வெள்ளையர் குடியேறிய நிலத்தை உழுதார்கள். ‘இது எங்கள் மண்’ என்று கலப்பையால் எழுதிக் காட்டினார்கள். பிடித்து, விசாரணையே இல்லாமல் தெற்குத் தீவுச் சிறைகளில் அடைத்தார்கள். 1881 நவம்பர் 5-ம் தேதி சுமார் 1,600 ஆயுதக்காரர்கள் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தபோது எதிரே வந்தது பட்டாளம் அல்ல. குழந்தைகள் பாடி ஆடி நின்றார்கள். பெண்கள் ரொட்டி கொடுத்தார்கள். தலைவர்கள் டே ஃபிட்டியும் டோஹுவும் கைதானார்கள், கிராமம் சூறையாடப்பட்டது. அந்தத் தலைவர்களின் போதனையைப் பின்னாளில் சுமந்து சென்றவற்றில் ஒன்று, பெண்கள் பாடிய இந்தப் பந்துப் பாட்டு. ஆகவே பாட்டேயாக் குழுவினர் 1984-ல் கையில் எடுத்தது ஏதோ அலங்காரப் பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நிலத்துக்குப் பிறகு நாக்கு. 1867-ம் வருஷச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் போதனா மொழியாக்கிற்று. தாய்மொழி பேசியதற்காகப் பிரம்படி பட்ட பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து தாயானபோது, தன் குழந்தைக்கும் அடி விழுமே என்று அஞ்சி, அந்த மொழியைக் குழந்தையிடம் பேசாமல் விட்டாள். பாட்டு கெட்ட கதை இதுதான்!

குழல்களின் கதை இன்னும் துயரம். மாவோரி மக்களின் பழைய வாத்தியங்கள் மரத்தாலும் எலும்பாலும் கல்லாலும் சங்காலும் செய்தவை. ‘கோவாவ்’ என்பது மூன்று துளையுள்ள சிறு குழல். ஒரு சாண் இருந்தால் அதிகம். ‘பூரேரேஹுவா’ என்பது கயிற்றில் கட்டிச் சுழற்றும் மெல்லிய பலகை. விட்டிலின் சிறகுபோல் ஓசை எழுப்பும், பெயரும் விட்டிலின் பெயரே. ‘பூடோரினோ’ இவற்றுள் அதிசயமானது. மரத்தைப் பிளந்து, குடைந்து, இரண்டு பாதியையும் மறுபடி சேர்த்துக் கட்டுவார்கள். நடுவில் பருத்து, இரு நுனியும் ஒடுங்கி, கூட்டுப்புழுவின் கூடு போலவே இருக்கும். எக்காளமாக ஊதினால் ஆண் குரல். குழலாக ஊதினால் பெண் குரல். குழலிசையின் தாய் ஹினே ரௌகட்டவுரி என்பவள் அந்தக் கூட்டுக்குள்ளே வாழ்கிறாள் என்பது அவர்கள் கதை. அந்தப் பூச்சியினத்தில் பெண் கடைசிவரை கூட்டை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளேயிருந்தே துணையை அழைக்கிறது. அந்த அழைப்புத்தான் குழலோசையாம். காட்டில் வேலை செய்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டவர்கள் கட்டிய கதை இது. ஏட்டைப் பார்த்து எழுதியது அல்ல.

பாதிரிமார் இந்த வாத்தியங்களை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. ஐரோப்பிய வாத்தியங்கள் கடைக்கு வந்தன. மெல்ல மெல்ல ஊதும் கலை மறைந்தது. வாத்தியங்கள் எங்கே போயின? மியூசியத்துக்கு! கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஒட்டி வைத்தார்கள். பார்க்கலாம், தொடக்கூடாது. வாய் வைக்கவோ கூடவே கூடாது. ‘பாதுகாத்தோம்’ என்கிறார்கள் படித்தவர்கள். மரத்தையும் எலும்பையும் பாதுகாத்தார்கள், உண்மை. மூச்சு?

மூச்சைத் தேடிப் புறப்பட்டவர்கள் மூன்று பேர். ஹிரினி மெல்போர்ன் என்ற மாவோரி ஆசிரியர், பாடலாசிரியர். ரிச்சர்ட் நன்ஸ் என்ற வெள்ளைக்காரப் பள்ளி ஆசிரியர். பிரையன் பிளின்டாஃப் என்ற எலும்புச் செதுக்கு வேலைக்காரர். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இவர்கள் ஊர் ஊராக மாவோரிச் சபைக் கூடங்களுக்குப் போனார்கள். முழு வித்தையும் தெரிந்தவர் எவரும் கிடைக்கவில்லை. ஒரு கிழவிக்கு அவள் பாட்டன் ஊதிய ஒரு ஓசை நினைவிருக்கும். இன்னொருவருக்கு ஒரு குழலின் பெயர் மட்டும் நினைவிருக்கும். பழைய குழலைப் பார்த்துப் புதிய குழலைச் செதுக்கி, ஊதிப் பார்த்து, அதைக் கிழவர்களிடமே கொண்டுபோய்க் காட்டித் திருத்திக்கொண்டார்கள். அந்த ஓசை காதில் பட்டதும் மறந்திருந்தது நினைவுக்கு வரும், அதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒட்டுப்போட்ட துணிபோல வித்தை மறுபடி உருவாயிற்று. 1994-ல் மெல்போர்னும் நன்ஸும் ‘டே கூ டே ஃபே’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். மெல்போர்ன் 2003-ல் காலமானார், நன்ஸ் 2021-ல். அவர்களிடம் கற்ற ஹொரோமோனா ஹோரோ போன்றவர்கள் இன்று அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஒரு வெள்ளைக்காரர் இந்த வித்தையில் ஆசானாக விளங்கியது முறையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் சொல்வது: மெல்போர்ன் போன்ற மாவோரித் தோழரின் பக்கத்தில், கிழவர்களின் முன்னால் மாணவனாக உட்கார்ந்து கற்று, கற்றதை மாவோரி இளைஞர்களின் கையிலேயே திருப்பி ஒப்படைத்தார். எடுத்துக்கொண்டு போய் மியூசியத்தில் பூட்டியவனும் இவரும் ஒன்றல்ல.

இன்றைய இளைஞர்களோ இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். ‘ஏலியன் வெப்பன்ரி’ என்றொரு குழு. காது செவிடாகும்படி மின்சாரக் கிதாரும் முரசும் அடிக்கிற இசை. நமக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சங்கதி என்ன? அவர்களுடைய ஒரு பாட்டின் பெயர் ‘ரௌபட்டு’, அதாவது நிலப்பறிமுதல். மேலே நாம் சொன்ன 1863-ம் வருஷச் சட்டத்தைப் பற்றியே அந்தப் பாட்டு. நிலம் பறிபோன கதையை இருபது வயதுப் பையன்கள் மேடையில் முழங்குகிறார்கள். ஐரோப்பாவில்கூட ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கேட்கிறார்கள். காது வலித்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை.

பழமை கெடுகிறது என்ற கூச்சலைவிட நாம் அஞ்ச வேண்டியது வேறு. பாட்டைப் பாராட்டிக்கொண்டே, பாடுகிறவனின் உரிமையைப் பறிப்பது. ‘கா மட்டே’ என்ற ஹாக்கா ஆட்டத்தைப் பாருங்கள். சுமார் 1820-ல் டே ரௌபராஹா என்ற தலைவர் இயற்றியது. நியூஜிலாந்து ரக்பி அணி ஆட்டத்துக்கு முன் இதை ஆடும்போது உலகமே கைதட்டுகிறது. வியாபாரிகள் விளம்பரத்தில் சேர்க்கிறார்கள். நெடுங்காலம் போராடி, 2014-ல்தான் இயற்றியவரின் பெயரையும் அவர் குலத்தின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் மட்டும்தான், காசு கேட்க உரிமை இல்லை. அதே ‘கா மட்டே’யை 2024 நவம்பர் 14-ம் தேதி பாராளுமன்றத்தில் ஹானா-ராஃபிட்டி மைப்பி-கிளார்க் என்ற இளம் மாவோரி அங்கத்தினர் எழுந்து நின்று ஆடினார். வைட்டாங்கி ஒப்பந்தத்துக்குப் புதுப் பொருள் கற்பிக்க வந்த மசோதாவைக் கிழித்துவிட்டு ஆடினார். என்ன நடந்தது? 2025 ஜூன் மாதம் அவரை 7 நாள் சபையிலிருந்து விலக்கினார்கள். சேர்ந்து ஆடிய அவர் கட்சித் தலைவர்கள் இருவரை 21 நாள் விலக்கினார்கள். விளையாட்டு மைதானத்தில் ஆடினால் தேசத்தின் பெருமை. உரிமை கேட்டு ஆடினால் ஒழுங்கு மீறல்! மசோதா அதற்கு முன்பே, 2025 ஏப்ரல் 10-ம் தேதி, 112-க்கு 11 என்ற ஓட்டில் தோற்றுப்போயிருந்தது. தண்டனை மட்டும் தோற்கவில்லை.

பாட்டு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1972-ல் 30,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு பாராளுமன்றத்துக்குப் போயிற்று. 1975-ல் நிலத்துக்காக வடகோடியிலிருந்து தலைநகர்வரை நடந்தார்கள். 1987-ல்தான் மாவோரி ஆட்சிமொழி ஆயிற்று. 2023 ஜனத்தொகைக் கணக்குப்படி சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் மாவோரி பேசத் தெரிந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 13 ஆயிரம் பேர். தட்டு வாங்கியவர்கள் எல்லோரும் மொழி கற்றுவிடவில்லை.

பாட்டேயாவில் ஆலையும் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் தொழிலாளர் பத்திரிகை அல்ல. பாட்டு முதலிடத்தில் நின்ற அந்த நான்கு வாரமும் அந்த ஊரில் வேலை இல்லாதவர்கள் வேலை இல்லாமலே இருந்தார்கள். 2008-ல் காலியாகக் கிடந்த ஆலைக் கட்டடம் தீப்பிடித்தது. 2010-ல் ஒரு திரைப்படத்தின் மூலமாக ‘போய் ஏ’ மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. 1984-ல் பிறந்திராத பிள்ளைகள் அதைப் பாடினார்கள், மாவோரி மொழியில்.