அநாதைப் பொதிகள்

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூர் முழுக்கத் தமிழ்மொழி விழா. ஒரு கூட்டம் முடிந்து தேக்காவில் தே தாரிக் குடிக்கையில் நண்பரிடம் கேட்டேன்: “லினக்ஸ்ல தமிழ் எழுத்துருவை யாரு பாத்துக்கிறா?” “அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான்” என்றார்.

இல்லைங்க. 1993-ல் தொடங்கிய டெபியனில் எழுத்துரு, விசைப்பலகை எல்லாமே பொதிகளாக வருகின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். பராமரிப்பவர் கைவிட்ட பொதிக்கு அங்கே பெயரே ‘அநாதை’தான். பெரிய பிழை திருத்தப்படாமல் கிடந்தால் அடுத்த வெளியீட்டிலிருந்தே அதைத் தூக்கிவிடுவார்கள்.

1997-ல் தமிழிணைய மாநாடு நடந்த ஊர் இது. கதை எழுதிய கையாலேயே கணினிக்கும் தமிழ் செய்தார் நா. கோவிந்தசாமி, 1999-ல் போய்விட்டார். அவர் பெயரை மேடையில் சொல்கிறோம். அவர் மாதிரி வேலையை யார் செய்வது?

நிரல் தெரியாது என்று நழுவ வேண்டாம். ‘கொ’வில் கொம்பு விலகி நிற்கிறதா என்று பார்த்துப் பிழையறிக்கை எழுதத் தமிழ் தெரிந்தால் போதும். முன்னோடி என்று மாலை போட நூறு பேர் இருக்கிறோம். பின்னாடி வந்து பராமரிக்கத்தான் ஆளில்லை. நானும் மாலை போட்டவன்தான். என் முதல் பிழையறிக்கையைப் போன வாரம்தான் அனுப்பினேன்.