தோல் தீட்டா, தொழில் தீட்டா?

நம்மவரிடத்தில் உள்ள விந்தைகளுள் இதுவும் ஒன்று. காலிலே தோற் சப்பாத்து. இடுப்பிலே தோல் வார். சட்டைப் பையிலே தோற் பணப்பை. இத்தனையும் அணிந்துகொண்டு ஒருவர் கோயிலுக்குப் போகிறார். வாசலில் சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே சென்று, தோல் போர்த்த மிருதங்கத்தின் நாதத்தில் மெய்ம்மறக்கிறார். ஆனால் அவருடைய பிள்ளை, “தோல் வேலை பழகப் போகிறேன்” என்று சொல்லிவிட்டாலோ, “செருப்புத் தைப்பதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்று சீறுகிறார். தோழர்களே, தோல் தீட்டானால் அத்தீட்டு அணிந்தவரையல்லவோ முதலில் பற்றவேண்டும்? நாள் முழுவதும் அது கிடப்பது அவர் உடலில்தானே! அணிந்தவருக்கு இல்லாத தீட்டு, செய்தவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தோல் வேலையை அறிவு வேண்டாத வேலையென்று எண்ணுவோர், அதனை ஒரு முறையேனும் அருகிருந்து பார்த்தவரல்லர். உரித்த தோல் அப்படியே கிடந்தால் அழுகும். அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் ஊனும் நீக்கி, மரப்பட்டைச் சாற்றில் நாட்கணக்காக இட்டு எடுத்தால்தான் அது நிலைத்த பொருளாகும். தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. பட்டையின் துவர்ப்பு தோலின் நாரோடு பிணைந்து அதை அழுகாமற் காக்கிறதென்று விஞ்ஞானம் காரணம் கூறுகிறது. காரணம் ஏட்டில் ஏறுமுன்னரே காரியத்தைச் செய்து காட்டியவர்கள் நாம் இழிந்தோரென்று ஒதுக்கிய மக்கள்.

பதனிட்ட தோலைப் பொருளாக்குவதும் எளிதன்று. ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுகியிருக்கும்; வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். வயிற்றுத் தோலில் இடுப்பு வார் வெட்டினால் நாளடைவில் நீண்டுவிடும். எந்தப் பகுதி எதற்காகும் என்பதை விரலால் தொட்டே அறியவேண்டும். மடித்துத் தைக்கும் ஓரத்தைக் கத்தியால் மெலிதாகச் சீவவேண்டும். கை சற்றே அழுத்தினால் தோல் பாழ். பின்னர் ஒரே இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய ஒரு நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் ஊசியைச் செலுத்தித் தைக்கிறார்கள். சாதாரண இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து தளர்ந்து பிரியக்கூடும். இக்கைத்தையலிலோ ஒரு பக்கத்து இழை அறுந்தாலும் மறுபக்கத்து இழை பிடித்து நிற்கும். இவ்வளவு தேர்ந்த கையை இகழ்வதற்கு, தோட்ட ஆபீசில் பேரேடு கூட்டும் நம்மைப் போன்ற கிராணிகளுக்கு என்ன யோக்கியதை உண்டு? ஆங்கிலப் பள்ளி நமக்கு நாற்காலி தந்தது. நாற்காலியில் இருப்பவனே மனிதன் என்னும் ஆணவத்தையும் கூடவே தந்தது.

மேலே சொன்ன மிருதங்கத்தையே பாருங்கள். பலாக் கட்டையோடு பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றன் தோலும் சேர்ந்தாலன்றி அது பேசாது. வாசித்தவர் வித்துவான், செய்தவர் யாரென்று கேட்டவர் எத்தனை பேர்? மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அவ்விழாவுக்குத் தந்த அனுமதியைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. கருவிக்கு மேடை உண்டு. அதைச் செய்தவர் கதைக்கு அம்மண்டபத்தில் இடமில்லை!

இது தமிழகத்துச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். 1971-ல் வெளிவந்த ‘இன்டர்லோக்’ என்னும் மலாய் நாவல் 2011-ல் இந்நாட்டில் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தபோது, அதிலிருந்த ‘பறையா’ என்னும் சொல்லுக்காக நாம் கொதித்தெழுந்தோம். அவ்வாண்டின் இறுதியில் அந்நூலைத் திரும்பப் பெற அரசாங்கம் முடிவு செய்தது. கொதித்தது சரியே. ஆனால் பறை என்னும் தோற்கருவியின் பெயரிலிருந்து பிறந்த அச்சொல்லை வசைச்சொல்லாக்கியது எந்த மலாய்க்காரர்? நம்மவர் வாயன்றோ! தோட்ட லயத்திலும் பட்டணத்து வீட்டிலும் தோல் தொழிலாளர் ஜாதிப் பெயரைச் சொல்லி வையும் நாக்கை எந்த அரசாங்கம் வந்து திரும்பப் பெறும்?

“அப்படியாயின் அவரவரைப் பழைய குலத்தொழிலுக்கே திருப்பச் சொல்கிறீரா?” என்று ஒரு நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருகாலும் இல்லை என்பதே நம் விடை. ஒருவன் இன்ன வயிற்றிற் பிறந்தான் என்பதற்காக அவன் கையில் தோலைத் திணித்தது கொடுமை. கூலியைக் குறைத்து ஊருக்கு வெளியே நிறுத்தியது அதனினும் கொடுமை. அக்கொடுமையிலிருந்து தப்ப அத்தொழிலை விட்டோடியவரை நாம் குறை கூறோம். நாம் கேட்பது வேறு: விரும்பிய எவரும் பழகவும், வேண்டாத எவரும் விலகவும், இரண்டிலும் மானம் குறையாதிருக்கவும் வேண்டும். குலத்தொழில் என்னும் விலங்கு உடையும் வழியும் அதுவே. பிள்ளைமாரும் கவுண்டரும் தோலைத் தைக்கும் நாளில் ‘தோல் ஜாதி’ என்ற பேச்சு எங்கே நிற்கும்?

உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரத்து ஆடையணிக் காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பையொத்த செருப்புகளைக் காட்டியது. கண்டனம் எழுந்த பிறகே அதன் மூலம் இந்தியக் கைத்தொழில் என்று ஒப்புக்கொண்டது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பணங்கட்டித் தோல் கைவினை பழகுகிறார்கள் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் இளைஞரோ, கைத்தொழிலின்றி நிற்கிறார்கள். கத்தி, ஊசி, நூல், ஒரு மேசை: தொடங்குவதற்கு இவ்வளவே போதும். தடையாக நிற்பது முதலன்று, வெட்கமே.

ஆகவே தோழர்களே, நம் இளைஞர் மன்றங்கள் சொற்பொழிவைச் சற்றுக் குறைத்துத் தோல் வேலை வகுப்பொன்றைத் தொடங்கட்டும். கைவேலைப் பொருளை வாங்குவோர், பேரங்கடையில் கொடாத விலையைச் செய்தவர் கையில் கொடுக்கட்டும். கச்சேரி அழைப்பிதழில் வித்துவான் பெயருக்குக் கீழே கருவி செய்தவர் பெயரும் அச்சாகட்டும். இவற்றுள் ஒன்றையும் செய்ய மனமில்லாதவர், இன்றே தம் சப்பாத்தையும் பணப்பையையும் வீசியெறிந்துவிட்டுத் தீட்டைப் பற்றிப் பேச வரட்டும். அதுவரையில் அவர் வாயை மூடியிருப்பதே நாகரிகம்.