சுழியோடியின் மணிக்கூடு

கட்டாரிலிருந்து விடுமுறையில் அக்குறணைக்கு வந்திருக்கும் மருமகன், சென்ற வாரம் தன் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினான். திரையில் அகன்ற முகத்துடன் ஒரு கைக்கடிகாரம். பெயர் பனெராய். விலை பல ஆயிரம் டொலர்.

"மாமா, இது கடற்படைச் சுழியோடிகள் கட்டின மணிக்கூடு. சும்மா நகையில்ல" என்றான்.

வெளிநாட்டு வெயிலில் ஐந்து ஆண்டுகள் மிச்சம்பிடித்த பணத்தின் பெரும்பங்கை இதற்கென ஒதுக்கியிருக்கிறான். தங்கை வீட்டின் மேல்மாடி இன்னும் கூரையின்றிக் கிடப்பதை நான் நினைவூட்டவில்லை. உழைத்தவன் அவன்.

அவன் சொன்னது பொய்யன்று. ஆனால், வணிகர்கள் வரலாற்றிலிருந்து தமக்கு வேண்டிய துண்டை மட்டும் அரிந்தெடுத்து விற்கிறார்கள் என்பதே என் முறைப்பாடு.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்த பனெராய், அந்நாட்டுக் கடற்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்த நிறுவனம். இருளில் ஒளிரும் ரேடியம் பூச்சொன்றுக்கு அது 1916இல் காப்புரிமை கோரியது. 1930களின் நடுப்பகுதியில், நீரடிப் படையினருக்கு இருளில் நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு தேவைப்பட்டபோது அந்தப் பூச்சே கைகொடுத்தது. ஆரம்பகால மணிக்கூடுகளின் உடலையும் இயந்திரத்தையும் வழங்கியது சுவிற்சர்லாந்தின் ரொலெக்ஸ். 47 மில்லிமீற்றர் அகலம் அழகுக்காக வந்ததன்று. கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீண்ட வார், சுழியோடியின் உடைக்கு மேலாகக் கட்டுவதற்கு.

அந்தச் சுழியோடிகள் தூய ஒட்சிசனைச் சுவாசித்தனர். குமிழிகள் மேலெழாததால் எதிரி காணமாட்டான். ஆனால் பத்து மீற்றருக்குக் கீழே அதே ஒட்சிசன் நஞ்சாகலாம்; அது தீர்ந்துபோவதற்கும் ஒரு கணக்குண்டு. வெடிகுண்டுக்கும் ஒரு கணக்குண்டு. நேரம் தவறினால் உயிர் தவறும்.

1941 டிசெம்பரில், இருவர் கால்விரித்து அமர்ந்து செலுத்தும் நீர்மூழ்கிக் குண்டுகள் மூன்றில் ஆறு இத்தாலியர் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துள் நுழைந்து, குயீன் எலிசபெத், வேலியன்ற் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களைத் தகர்த்தனர். அவர்களுள் ஒருவரான டுராண்ட் டி லா பென்னே பிடிபட்டு, தாம் குண்டு வைத்த கப்பலுக்குள்ளேயே அடைக்கப்பட்டார். வெடிப்பதற்குச் சற்று முன்னர் கப்பல் தலைவருக்கு எச்சரிக்கை விடுத்தார். குண்டு எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. எதிரியே ஆயினும் அந்த நெஞ்சுரத்தை மெச்சாதிருக்க முடியாது.

இதுவரையில் விளம்பரக்காரர் சொல்வார். மீதியைச் சொல்லமாட்டார்.

முதலாவது, அந்தத் தீரம் முசோலினியின் போருக்குச் செய்யப்பட்ட ஊழியம். 1943 செப்டெம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்ததும் பத்தாவது மாஸ் என்ற அப்படைப்பிரிவு பிளந்தது. தளபதி போர்கேசே தலைமையில் ஒரு பகுதியினர் ஜேர்மனியரோடு சேர்ந்து, சொந்த நாட்டின் எதிர்ப்புப் போராளிகளையே வேட்டையாடினர். நாஜிகளுடன் ஒத்துழைத்த குற்றத்துக்காக அவர் 1949இல் தண்டிக்கப்பட்டார்.

இரண்டாவது, ரேடியம். அமெரிக்காவில் கடிகார முகங்களுக்கு அதைப் பூசிய இளம் பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூர்மையாக்கியே நோயுற்று மாண்டனர். 1920களிலேயே உலகம் அறிந்த செய்தி அது. பழைய பனெராய்களில் ஒளி மங்கிவிட்டது; கதிர்வீச்சு மங்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். இப்போதைய மணிக்கூடுகளில் அந்தப் பூச்சு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது நம் வீட்டுச் செய்தி. அலெக்சாந்திரியாவில் அடிபட்ட பிரித்தானியர் அதே குண்டூர்தியைப் பார்த்துத் தாமும் செய்தனர். அவற்றுள் இரண்டைச் சுமந்துகொண்டு 1944 ஒக்டோபரில் ட்ரெஞ்சன்ற் என்ற நீர்மூழ்கி நமது திருகோணமலையிலிருந்தே புறப்பட்டு, ஜப்பானியர் வசமிருந்த புக்கெட் துறைமுகத்தைத் தாக்கியது. தாக்கப்பட்ட இரு கப்பல்களும் இத்தாலியருடையவை!

2008 மே மாதத்தில் அதே திருகோணமலையில் கடற்படைக் கப்பலொன்று நீரடித் தாக்குதலில் மூழ்கிய செய்தியைப் பக்கத்தில் ஏற்றியவர்களுள் நானும் ஒருவன். அன்று எவருக்கும் சுழியோடிகளின் மணிக்கூடு நினைவுக்கு வரவில்லை. அச்சமே நினைவிருக்கிறது.

பனெராய் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 1993இல். நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் அணிந்ததும் புகழ் பரவியது. 1997இல் பெரும் ஆடம்பரப் பொருள் நிறுவனமொன்று வாங்கிக்கொண்டது. உயிர் காக்கும் கருவி அந்தஸ்தின் அடையாளமான கதை இவ்வளவுதான். இரும்புக்கும் பற்சக்கரத்துக்குமான கூலி போக, மீதி விலை அலெக்சாந்திரியாவுக்கு. முழு விலை வாங்குபவர்கள் முழுக் கதையையும் தர வேண்டாமா?

"முன்னூறு மீற்றர் ஆழம் தாங்குமாம் மாமா" என்றான் மருமகன். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதியில் ஆறடி ஏழடித் தண்ணீர்தான் வரும், அதற்கு இது போதும் என்றேன். சிரித்தான்.

பிறகு ட்ரெஞ்சன்ற் கதையைச் சொன்னேன். தொலைபேசியைக் கையிலெடுத்து அந்த விற்பனைப் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தான்.

"திருகோணமலையைப் பற்றி இதில ஒண்டும் இல்லையே மாமா!"

வெள்ளிக்கிழமை அவன் விமானமேறுகிறான். வாங்குவானோ, அறியேன்.