குருவுக்குப் பூத்த மரம்

குருவிடம் பட்ட கடன் எளிதில் தீர்வதன்று என்பர் பெரியோர். நெதர்லாந்து நாட்டின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியம் அக்கடனையே நினைவூட்டுகிறது. வரைந்தவர் வின்சென்ட் வான் கோ.

1888-ஆம் ஆண்டின் வசந்தகாலம். தென் பிரான்சில் ஆர்ல் நகரத்துப் பழத்தோட்டம். உழுத மண் இளம் ஊதா நிறம் காட்டுகிறது. பின்னே நாணல் வேலி. மேலே நீலமும் வெண்மையும் கலந்த வானம். நடுவே இரு பீச் மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்குகின்றன.

தோட்டத்தில் இப்படத்தை வரைந்துகொண்டு வான் கோ இல்லம் திரும்பியபோது, தங்கை அனுப்பிய இரங்கற் கட்டுரை வந்து சேர்ந்தது. ஆன்டன் மாவ் காலமாகியிருந்தார். தி ஹேக் நகரில் வான் கோவுக்கு வண்ணம் தீட்டக் கற்பித்தவர் அவர், உறவினரும்கூட. ஆயினும் 1882-லேயே இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைந்து பழகுமாறு குரு கூறினார். சீடரோ சினந்து அவற்றை உடைத்தெறிந்தார். உறவு முறிந்தது.

அக்கட்டுரை வந்த அன்று பழைய சினம் நினைவுக்கு வரவில்லை. பெற்ற கல்வியே நினைவுக்கு வந்தது. 'மாவ் நினைவாக' என்று படத்தின் அடியில் எழுதி, குருவின் மனைவிக்கு அனுப்பி வைத்தார். நினைவுப் படம் துயர நிறத்தில் இருத்தலாகாது, மென்மையும் மகிழ்ச்சியும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

பீச் மரம் குளிர்காலம் முழுதும் இலையுதிர்ந்து பட்ட மரம் போல நிற்கும். வசந்தம் வந்ததும், இலை தழைக்கும் முன்பே, வெறுங்கிளையில் மலர் அரும்பும். நன்றியும் அத்தகையதே. மனக்கசப்பில் அது வறண்டுவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் வேரில் ஈரம் இருக்கும்.

இப்படத்தில் மறைந்து நிற்கும் துயரம் ஒன்றும் உண்டு. அம்மலர்களை மாவ் காணவில்லை. ஆறாண்டு மனத்தாங்கலுக்குப் பின் வந்த காணிக்கை, குருவின் கண்ணுக்கு எட்டாமலே போயிற்று.

ஆண்டுதோறும் திதி கொடுக்கிறோம். எள்ளும் நீரும் இறைக்கிறோம். அது செய்யத்தக்கதே. ஆயினும் பேசாமல் விலகி நிற்கும் ஆசிரியரோ, அண்ணனோ, நண்பரோ இன்னும் இருக்கின்றார் எனில், அவர் வாசலுக்கு ஒருமுறை சென்று வருதல் அதனினும் முற்பட்ட கடன். அதற்குத் தவணை கேட்க இயலாது.