பாரசீகம் யாருடைய மொழி?



உயர்தர இஸ்லாமிய நாகரிக மாணவருக்குப் பாரசீக இலக்கியம் பற்றி நாம் நாலு வார்த்தை சொன்னால் போதும், ஊரிலிருந்து இரண்டு கேள்விகள் வந்துவிடும். "அது ஷீஆக்களின் மொழியல்லவா?" "அதைப் படித்து என்ன தொழில் எடுப்பது?" துணுக்காயில் கற்பிக்கும் நாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

ஈரானில் ஷீஆக் கொள்கை அரச மதமானது 1501இல். ஸஅதி 'குலிஸ்தான்' எழுதியது 1258இல். மௌலானா ரூமி மறைந்தது 1273இல். இருவரும் ஸுன்னிகள். பயான்களில் நாம் வாய் நிறையப் புகழும் இமாம் கஸ்ஸாலி 'கீமியாயே ஸஆதத்' நூலைப் பாரசீகத்தில்தான் எழுதினார். ஆளைப் புகழ்ந்துவிட்டு அவர் எழுதிய மொழியை ஒதுக்குவது என்ன நியாயம்?

இன்னொன்று. ஐந்து வேளையும் 'பாங்கு' என்கிறோமே, அது பாரசீகச் சொல். 'பேஷ் இமாம்' என்பதில் வரும் 'பேஷ்' பாரசீகம். நம் முன்னோர் தமிழில் பாடிவைத்த 'நாமா' என்ற இலக்கிய வகையின் பெயரும் பாரசீகம்தான். வாயில் இருப்பதை அந்நியம் என்கிறோம்.

அடுத்து, தொழில். கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு திகதியிட்ட அதைச் சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தார். 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனம் புத்தருக்கும், தமிழ் தெவிநுவரைத் தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் பேசுகிறது. வாசிக்க ஆளில்லாத மொழியில் எவரும் கல் வெட்டுவதில்லை. அன்று இந்தக் கடலில் வணிகம் செய்த முஸ்லிம்களின் பொதுமொழி அது. அந்தப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது. அதை வாசிக்க நம்மில் எத்தனை பேர்?

1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த நமக்குக் காணி உறுதியின் அருமை தெரியும். "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று கேட்பவருக்குக் காட்டக் கல்லிலேயே சான்று இருக்கிறது. அதையும் வேறொருவர் வாசித்துச் சொல்ல, நாம் தலையாட்டிக்கொண்டு நிற்பதா?

எல்லாப் பிள்ளைகளும் பாரசீகம் படிக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மருத்துவரும் பொறியியலாளரும் வரட்டும். நூறு பேரில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். அடுத்த கல்விச் சுற்றுலாவில் மிருகக்காட்சிசாலையோடு திரும்பாமல், பிள்ளைகளை அந்தக் கல்லின் முன்னும் அரைமணி நேரம் நிறுத்துங்கள்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஆதாரத்தோடு எழுதுங்கள். பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ்.