மதிலுக்கு அந்தப் பக்கம்



பெரும்போக வெள்ளாமை வெட்டு தொடங்கிவிட்டது. கரவாகு வட்டையிலிருந்து நெல் மூடைகளோடு வரும் உழவு இயந்திரங்களைக் கண்டால் மனம் நிறைகிறது. இந்தக் கரையோரத்துச் சோறும் கலியாணமும் கடனடைப்பும் அந்த மூடைகளுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இதே நாட்களில்தான் எங்கள் வீட்டில் நித்திரை தொலைகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் நெல் ஆலை. இரவு பத்து மணிக்குப் புளோவர் ஓடத் தொடங்கினால் சுபஹு வரைக்கும் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும்.

போன வருடம் உம்மா சுகமில்லாமல் படுத்திருந்த ஓர் இரவு, பொறுக்க முடியாமல் ஆலைக்குப் போனேன்.

"காக்கா, உம்மாக்குச் சரியான சுகமில்ல. இண்டைக்கு மட்டும் கொஞ்சம் நேரத்தோட நிப்பாட்டுவீங்களா?"

"அல்லாஹ்வே! இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. அங்க இவ்வளவுக்குக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியாதே."

உடனே நிறுத்தினார். அன்றிரவு உம்மா உறங்கினார். மறுநாள் இரவு ஆலை வழக்கம்போல ஓடியது. நான் மறுபடி போகவில்லை.

ஏன் போகவில்லை என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அவர் பொல்லாதவர் அல்ல. எங்கள் வாப்பாவின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர். ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். ஒரு இரவுக்கு உதவி கேட்கலாம், எல்லா இரவுக்கும் எப்படிக் கேட்பது என்ற கூச்சம்தான் என்னைத் தடுத்தது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம்மில் எத்தனையோ பேரின் வாயைக் கட்டியிருப்பதும் இந்தக் கூச்சம்தான் என்று நினைக்கிறேன். நெல் ஆலை மட்டுமல்ல. மரக்காலை, மா அரைக்கும் மில், வெல்டிங் கடையின் கிரைண்டர், ஐஸ் பக்டரி என்று ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர்களுடையவை. 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது வாங்கிய ஜெனரேட்டர்கள் வேறு.

இடம் மாறிப் போகச் சொல்வது எளிது. நமது ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. உம்மாவின் வளவில் மகளுக்கு ஒரு வீடு, அதன் பின்னால் பேத்திக்கு ஒரு வீடு. அரை ஏக்கர் வளவு இன்று ஆறு பேர்ச் துண்டுகளாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டக் கூடாது என்ற அறிவிப்பு வந்தது. கரையோரம் வீடிழந்தவர்கள் உட்பக்கம் நெருங்கினார்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு துண்டு நிலம். முன்பு ஊரின் எல்லையில், வயலோரமாக நின்ற ஆலைகள் இன்று வீடுகளுக்கு நடுவில் நிற்கின்றன.

ஆகவே ஆலைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: "நான் முதல்ல வந்தவன், நீங்கதான் பக்கத்துல வந்து வீடு கட்டினீங்க." இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டக்கோவையில் இது பேசப்பட்டிருக்கிறது. நாம் ஷாஃபிஈ மத்ஹபினர், மஜல்லா ஹனஃபி வழியில் அமைந்தது. ஆனாலும் நம் ஒழுங்கையைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. அதன் 1200ஆம் பிரிவு, வீட்டையொட்டி இரும்புப் பட்டறையோ ஆலையோ வைத்து, அதன் அடியிலும் சுழற்சியிலும் வீடு பலவீனப்பட்டால் அந்தத் தீங்கு நீக்கப்பட வேண்டும் என்கிறது. 1207ஆம் பிரிவு மறுபக்கத்தையும் பார்க்கிறது. ஏற்கனவே இருந்த பட்டறைக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டியவர், அதன் அடியால் தீங்கு என்று காட்டிப் பட்டறையை நிறுத்தக் கேட்க முடியாது.

அப்படியானால் ஆலைக்காரர் வென்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. முதலில் வந்தது எது? பகலில் மட்டும் ஓடிய ஒரு சிறு இயந்திரம். இன்று அந்த இடத்தில் நிற்பது எலிவேட்டரும் பொலிஷரும் பெரிய புளோவரும் இரவு வேலையும். அவை வந்தபோது வீடுகள் ஏற்கனவே அங்கே இருந்தன. அந்த இயந்திரங்களைப் பொறுத்தவரை முதலில் வந்தவர்கள் நாங்கள்.

இலங்கைச் சட்டம் யார் முந்தியவர் என்று பார்த்து அளவை வைக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், இடத்தையும் நேரத்தையும் பார்த்து எல்லை வகுக்கின்றன. கல்முனை போன்ற மாநகர சபைப் பகுதியில் பகலில் 63 டெசிபல், இரவில் 50. நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை போன்ற பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள் பகலில் 50, இரவில் 45. இரவு என்பது மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. சத்தம் எழும் காணியின் எல்லையில் வைத்து இதை அளப்பார்கள்.

டெசிபல் கணக்கு ரூபாய்க் கணக்குப் போன்றதல்ல. ஐம்பது அறுபதானால் கொஞ்சம் கூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இரு பக்கமும் மதில் எழுந்த நம் ஒழுங்கைகளில் அந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குச் சொன்ன அளவு 30 டெசிபல். அதற்கு மேல் தொடர்ந்தால் நித்திரை கெடும். ஆண்டுக்கணக்கில் நித்திரை கெட்டால் இரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கே இப்படியென்றால், ஆலைக்குள் எட்டு மணி நேரம் காதில் எதுவும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 85 டெசிபலுக்கு மேல் தினமும் கேட்ட காது மெல்ல மெல்ல மந்தமாகும். போன கேட்கும் சக்தி திரும்பி வராது. அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

நீதிமன்றங்களும் இதைப் பேசியிருக்கின்றன. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007 நவம்பர் 9ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் மிகையான ஒலியை மாசு என்றே ஏற்றது. கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்து, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அன்று அந்தத் தீர்ப்பைப் பற்றி நம் ஊர்களில் நிறையப் பேசினோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கே எல்லை உண்டென்றால், புளோவருக்கும் ஓர் எல்லை வேண்டுமே என்று அன்று நாம் கேட்கவில்லை.

வழிகள் இருக்கின்றன. முதல் வழி நேரில் போய்ச் சொல்வது. அடுத்தது பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மரைக்காயர்மார். காணிச் சண்டையையும் குடும்பச் சண்டையையும் தீர்த்துவைப்பவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. அதுவும் சரிவராவிட்டால் எழுத்தில் முறைப்பாடு. இவ்வாறான ஆலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை வழங்கும், சிறிய ஆலைகளுக்கு உள்ளூராட்சி மன்றமே வழங்கும். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. கடைசி வழி, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை நீக்கும்படி நீதவான் கட்டளையிடலாம்.

ஆலையை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அறுவடைக் காலத்தில் நெல் தேங்கினால் விவசாயிதான் நட்டப்படுவான். ஆனால் இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் வைக்கலாம், புளோவர் வாய்க்குச் சைலன்சர் போடலாம், தேய்ந்த பெயாரிங்கை மாற்றலாம், தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள திறப்பை அடைக்கலாம். அதிகம் சத்தம் போடும் இயந்திரத்தைப் பகலில் ஓட்டி, மூடை கட்டுவதையும் ஏற்றுவதையும் இரவுக்கு வைக்கலாம். மருதமுனையில் நெசவு செழித்திருந்த காலத்தில் ஊர் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும். அதைத் தொல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தறிகள் இரவில் ஓய்ந்தன.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கொப்பியில் பத்து நாட்கள் எழுதிப் பாருங்கள்: எந்தச் சத்தம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, வீட்டில் யார் விழித்திருந்தார்கள். யாருடைய பெயரும் வேண்டாம். அதை எங்களுக்கு அனுப்புங்கள். ஆலை வைத்திருப்பவர்களும் எழுதுங்கள், சத்தத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது என்று. அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்குரியது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் அந்தக் காக்காவைப் பார்க்கப் போகிறேன். இந்த முறை ஒரு இரவுக்காகக் கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்